மூட்டும் விழியும்

கை விரல்களின் கணுக்களுக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு யாது? உடற்கூற்று நூலைத் திறந்து பார்த்தால் ஓர் உறவும் தென்படாது. கணு என்பது எலும்போடு எலும்பு பொருந்தும் இடம். கண்ணோ ஒளியை வாங்கும் பொறி. எனினும் விரற்கணுக்கள் வீங்கி முடங்கிய ஒருவர், சில ஆண்டுகள் கழித்து, கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது என்று மருத்துவரிடம் வருவதுண்டு. வேறொருவருக்கு வெண்விழி செக்கச் சிவந்து, இரவில் உறங்கவொட்டாமல் குடையும் வலி தோன்றும். மற்றொருவருக்கு வலியே இல்லாமல் வெண்விழி தேய்ந்து, உள்ளிருக்கும் கருநீலம் வெளியே தெரியத் தொடங்கும். இவையெல்லாம் ஒரே நோயின் பல முகங்கள் என்று மருத்துவ உலகம் தெளிவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த வரலாற்றையே மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நோயின் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். முழங்கால் வலித்தாலும், முதுகு பிடித்தாலும், விரல் மரத்தாலும் 'வாதம்' என்ற ஒரு சொல்லையே நாம் வழங்கி வருகிறோம். அவற்றுள் முடக்குவாதம் என்பது தனி ஒன்று. முதுமையில் மூட்டு தேய்வதால் வருவது அன்று இது. நடுவயதில், சில வேளை இளமையிலேயே, இரு கைகளின் சிறு மூட்டுக்களையும் ஒருசேரப் பற்றும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. ஒரு மணி நேரமேனும் சென்ற பின்னரே சற்று இளகும். நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதற்கும் சற்றுக் குறைவானவர்க்கு, இந்நோய் உண்டு. அவர்களுள் ஆண்களைப் போல் இரண்டு மூன்று மடங்கினர் பெண்கள்.

இதனை முதன்முதல் தனி நோயாக இனங்கண்டு எழுதியவர் லாந்த்ரே-போவே என்னும் பிரெஞ்சு இளைஞர். ஆண்டு 1800. பாரிஸ் நகரில் சால்பெத்ரியேர் என்ற பெரிய விடுதி மருத்துவமனை உண்டு. ஏழைப் பெண்களும் முதியவர்களும் ஆதரவற்றோரும் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தனர். அக்காலத்து மருத்துவர்க்கு மூட்டு நோய் என்றால் செல்வர் வீட்டு நோய்; ஊனும் மதுவும் மிக உண்ட ஆடவர்க்குக் கால் பெருவிரலில் வரும் 'கௌட்' என்னும் நோயே நினைவுக்கு வரும். லாந்த்ரே-போவே கண்டதோ, உண்ண உணவே போதாத ஒன்பது பெண்களை. அவர்களுடைய நோயும் கௌட்டின் ஒரு வகையே என்றுதான் அவர் நினைத்தார். ஆயினும் அது வழக்கமான கௌட் அன்று என்று பிரித்துக் காட்டினார். பட்டத்துக்காக எழுதிய சிறிய ஆய்வுரை அது. ஏழைகளின் படுக்கையருகே நின்று பார்த்தவருக்கே அந்நோய் கண்ணில் பட்டது என்பது எனக்கு மிகவும் பொருளுடையதாகத் தோன்றுகிறது.

பின்னர் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் காராட் என்பவர், கௌட் நோயாளரின் குருதியில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848இல் கண்டார். முடக்குவாதத்தில் அம்மிகுதி இல்லை. எனவே இரண்டும் வேறு என்பது உறுதியாயிற்று. இன்று உலகெங்கும் வழங்கும் 'ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்' என்ற பெயரை 1859இல் இட்டவரும் அவரே.

இந்த இடத்தில் வரலாறு ஒரு விந்தையான திருப்பம் அடைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே மருத்துவம் கிளை கிளையாகப் பிரியத் தொடங்கிற்று. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் உயிருள்ள கண்ணின் உட்புறத்தைப் பார்க்க ஒரு கருவியை அமைத்தார். அதன் பின் கண் மருத்துவம் தனிக் கலையாக ஓங்கி வளர்ந்தது. அதனால் விளைந்த நன்மைகளுக்கு அளவில்லை. ஆனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. கண் மருத்துவர் கண்ணைப் பார்த்தார். பொது மருத்துவர் மூட்டைப் பார்த்தார். வாய் வறண்டவர் வேறொருவரிடம் போனார். பார்வையில்லாதோர் யானையைத் தடவிப் பார்த்த கதை நாம் அறிந்ததே. இங்கே தடவியவர்கள் எல்லாரும் கூரிய பார்வை படைத்தவர்கள். யானைதான் பல அறைகளில் பிரிந்து நின்றது.

1882இல் தியோடோர் லேபர் என்னும் கண் மருத்துவர், கருவிழியின் மேல் நூல் நூலாகச் சளி இழைகள் தொங்கும் ஒரு நோயை விவரித்தார். அவர் மூட்டைப் பார்க்கவில்லை. 1888இல் இலண்டனில் ஹாடன் என்பவர், உமிழ்நீர் அற்றுப்போய் வாய் வறண்ட ஒரு மூதாட்டியைப் பற்றிச் சொன்னார். ஜபொராண்டி என்ற தென்னமெரிக்கச் செடியின் சாற்றைக் கொடுத்ததும் வாயில் ஈரம் ஊறியதாம். அச்செடியிலிருந்து பிரித்தெடுத்த பைலோகார்ப்பின் என்னும் மருந்து இன்றும் அதே குறைக்குத் தரப்படுகிறது என்பதை இடையே சொல்லி வைக்கிறேன். அதே 1888இல் மிகுலிச் என்னும் அறுவை மருத்துவர், கண்ணீர்ச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும் ஒருங்கே வீங்கிய ஓர் உழவரைக் காட்டினார். அவர் கண்டது பிறிதொரு நோய் என்றே இக்காலத்து அறிஞர் பலர் கருதுகின்றனர். எனினும், கண்ணும் வாயும் ஒன்றாகப் பழுதுபடலாம் என்ற எண்ணத்துக்கு அவரும் வழிவகுத்தார். 1925இல் பாரிஸில் கூஜரோ என்பவர், கண், வாய் முதலிய ஈரப் பகுதிகள் பலவும் ஒன்றாக வறளும் நிலையை எழுதினார். அணுக அணுக, அறைகளுக்கு இடையே இருந்த சுவர்கள் மெலிந்துகொண்டே வந்தன.

அச்சுவரை இடித்தவர் ஹென்ரிக் ஷோக்ரன். 1899இல் சுவீடனில் பிறந்தவர். ஸ்டாக்ஹோம் நகரத்திலே கண் மருத்துவராகப் பணியாற்றிக் கொண்டிருந்தபோது, 1930ஆம் ஆண்டையொட்டி, ஒரு பெண்மணி அவரிடம் வந்தார். கண்கள் வறண்டு எரிந்தன. வாயும் வறண்டிருந்தது. அத்துடன் மூட்டு வலியும் இருந்தது. இம்மூன்றும் ஒருவரிடத்தே தற்செயலாகச் சேர்ந்தன என்று எண்ணி, கண்ணுக்கு மட்டும் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருக்கலாம். பெரும்பாலோர் அவ்வாறே செய்திருப்பர். ஷோக்ரன் அப்படிச் செய்யாமல், இத்தகையோர் வேறு யாரேனும் உளரா என்று தேடலானார்.

அவர் கையாண்ட கருவிகள் மிக எளியவை. ஒன்று, ஷிர்மர் என்னும் ஜெர்மானியர் 1903இல் வகுத்த சோதனை. சிறு வடிதாள் துண்டு ஒன்றை மடித்துக் கீழ் இமையில் மாட்டிவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நலமான கண்ணில் தாள் நன்றாக நனைந்துவிடும். ஐந்து மில்லிமீட்டர் அளவுகூட நனையவில்லை என்றால் கண்ணீர் குன்றிவிட்டது என்று பொருள். மற்றொன்று, ரோஸ் பெங்கால் என்ற செஞ்சாயம். கருவிழியின் மேல்தோல் நலமாக உள்ள இடத்தில் அச்சாயம் பிடிக்காது. வறட்சியால் நலிந்த இடங்களில் மட்டும் சிவப்புப் புள்ளிகளாக ஒட்டும். ஒரு தாளும் ஒரு சொட்டுச் சாயமும் கொண்டு அவர் செய்த வேலை பெரிது.

1933இல் தம் ஆய்வுரையை ஜெர்மானிய மொழியில் வெளியிட்டார். அதில் 19 பெண்களின் வரலாறு இருந்தது. அவர்களுள் 13 பேருக்கு மூட்டு நோயும் இருந்தது. கண்ணீர்ச் சுரப்பியின் துணுக்கை நுண்பெருக்கியால் பார்த்தபோது, அங்கே இருக்கக் கூடாத அளவு வெள்ளணுக்கள் கூட்டங்கூட்டமாகப் புகுந்து சுரப்பியை அரித்திருந்தன. வைட்டமின் ஏ குறைவால் வரும் கண் வறட்சி நம் நாட்டில் பலரும் கேள்விப்பட்டதே. இது அதுவன்று என்று பிரித்துக் காட்டுவதற்காகவே ஷோக்ரன் இதற்குப் புதிய பெயர் ஒன்றை அமைத்தார். இது கண்ணின் நோய் அன்று, உடல் முழுவதின் நோய். கண் அதனை முதலில் காட்டுகிறது என்பதே அவர் கருத்து.

அக்கருத்தை அவருடைய பல்கலைக்கழகம் எவ்வாறு வரவேற்றது? ஆய்வுரைக்குக் கொடுத்த மதிப்பு, பல்கலைக்கழக ஆசிரியப் பதவிக்குரிய தகுதியைப் பெறுவதற்குப் போதவில்லை. ஷோக்ரன் தலைநகரை விட்டு, யோன்ஷோப்பிங் என்ற ஊரின் மருத்துவமனைக்குப் போனார். அங்கே கண் நோயாளரைக் கவனித்துக்கொண்டும், கருவிழி மாற்று அறுவையில் ஈடுபட்டுக்கொண்டும் தொண்டு செய்தார். பத்தாண்டுகள் கழித்து, 1943இல், ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் புரூஸ் ஹாமில்டன் அந்த ஆய்வுரையை ஆங்கிலத்தில் பெயர்த்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜெர்மானிய நூல்களை ஆங்கிலம் பேசும் நாடுகளில் தேடிப் படிப்பார் குறைவு. அந்தப் பெயர்ப்பு வந்த பிறகே ஷோக்ரனின் பெயர் பரவிற்று. சொந்த நாட்டில் மறுக்கப்பட்ட ஆசிரியத் தகுதி 1957இல் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 1961இல் பேராசிரியர் என்ற சிறப்புப் பட்டமும் வந்தது. அதற்குள் அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. 1986இல் அவர் மறைந்தபோது அவர் பெயர் உலகத்துப் பாடநூல்கள் எல்லாவற்றிலும் ஏறியிருந்தது.

கண்ணீர் வற்றுவது துன்பந்தான். ஆனால் அதனால் உயிருக்கு உடனே ஊறு இல்லை. முடக்குவாதம் கண்ணைத் தாக்கும் வேறொரு வழி உண்டு. அது அஞ்சத்தக்கது.

நம் கண்ணின் வெள்ளைச் சுவர் எதனால் ஆனது தெரியுமா? கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தால் ஆனது. மூட்டின் குருத்தெலும்பிலும், தசைநாணிலும், தோலுக்கடியிலும் உள்ள அந்தப் புரத இனமே கண்ணின் சுவரையும் தாங்கி நிற்கிறது. ஆகவே ஒன்றில் மூளும் நெருப்பு மற்றொன்றிலும் மூளுவது வியப்பன்று. முடக்குவாதம் முற்றியவர்க்கு முழங்கைத் தோலின் கீழே கடினமான சிறு கட்டிகள் தோன்றும். அழிந்துவரும் வெண்விழியை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது, அதே கட்டியின் அமைப்பே அங்கும் காணப்பட்டது. முழங்கையும் விழியும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன.

1930களில் வான் டெர் ஹூவ என்னும் டச்சுக் கண் மருத்துவர், வெண்விழி சிவப்பும் வலியும் இன்றித் தானே கரைந்து ஓட்டை விழும் நிலைக்கு ஒரு தனிப் பெயரிட்டார். பல ஆண்டுகள் முடக்குவாதத்தால் நலிந்த மூதாட்டியரிடமே அது மிகுதியாகக் காணப்பட்டது. வலி இல்லாமையே அதன் கொடுமை. வலி வந்தால் மருத்துவரைத் தேடுவோம். வலியில்லாத அழிவை யார் தேடுவர்? வலியோடு வரும் வகையும் உண்டு. அதில் நோயாளர் இரவெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பர். 1976இல் பீட்டர் வாட்சன் என்ற ஆங்கிலேயரும், பஞ்சாபில் பிறந்த சோகன் சிங் ஹைரே என்பவரும் சேர்ந்து வெண்விழி அழற்சிகளை வகைப்படுத்தினர். அவர்கள் வகுத்த முறையே இன்றும் வழக்கிலுள்ளது.

அதன் பின் எட்டாண்டுகள் கழித்து, 1984இல், அமெரிக்காவில் ஃபாஸ்டர் என்பவரும் அவர் துணைவர்களும் ஒரு கணக்கை வெளியிட்டனர். முடக்குவாதத்தோடு வெண்விழியோ கருவிழியின் ஓரமோ அரிக்கத் தொடங்கிய 34 பேரை அவர்கள் தொடர்ந்து கவனித்தனர். வழக்கமான மருந்துகளோடு நின்றுவிட்ட பாதிப் பேருள், பாதிக்கு மேற்பட்டோர் பத்தாண்டுக்குள் குருதிக் குழாய்க் கேடுகளால் இறந்தனர். நோயெதிர்ப்பை அடக்கும் வலிய மருந்து பெற்ற மற்றப் பாதியினருள் இறந்தவர் ஒருவரே. கண்ணின் ஓரத்தில் தோன்றும் அச்சிறு புண், உடலெங்கும் நுண்ணிய குருதிக் குழாய்கள் எரியத் தொடங்கிவிட்டன என்பதற்கு அடையாளம். கண் மருத்துவர் அங்கே ஒரு கண்ணை மட்டும் காப்பதில்லை. நோயாளியின் உயிரும் அவர் கையில் இருக்கிறது. இந்தச் செய்தியைப் படித்தபோது, கண்ணை உயிரோடு சேர்த்துப் பேசும் நம் வழக்கு எனக்கு நினைவுக்கு வந்தது.

சரி, இந்த நெருப்பை மூட்டுவது எது? நெடுங்காலம் கிருமியையே தேடினர். பல்லிலும் தொண்டையிலும் மறைந்திருக்கும் கிருமியே மூட்டைக் கெடுக்கிறது என்று நம்பி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எத்தனையோ பேருடைய நல்ல பற்களைப் பிடுங்கினர். மூட்டு நோய் தீரவில்லை. பல் போனதுதான் மிச்சம்.

உண்மை வேறு திசையில் இருந்தது. கிருமிகளை எதிர்க்க உடலில் ஒரு படை உண்டு என்பதை மாணவர்கள் அறிவீர்கள். வெள்ளணுக்களும், அவை ஆக்கும் எதிர்ப்பொருள்களும் சேர்ந்ததே அப்படை. அந்தப் படை சொந்த உடலையே தாக்குமா? ஜெர்மானியப் பேரறிஞர் பால் எர்லிக், ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் குருதியைச் செலுத்தி ஆராய்ந்தார். பிற ஆடுகளின் செவ்வணுக்களை எதிர்க்கும் பொருள் உண்டாயிற்று. தன் செவ்வணுவை எதிர்க்கும் பொருள் உண்டாகவில்லை. தன்னைத் தானே நச்சுறுத்துவதை உடல் அஞ்சி விலக்குகிறது என்று அவர் 1901இல் சொன்னார். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு மிகப் பெரிது; ஆகவே உடல் தன்னைத் தாக்கவே தாக்காது என்று பலரும் கொண்டுவிட்டனர். வேலியே பயிரை மேயும் என்பதை நம் நாட்டு உழவர் எவரும் நம்பியிருப்பர். ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் நம்புவதற்கு ஐம்பதாண்டுகள் பிடித்தன.

கண் மருத்துவர்களுக்கோ ஐயம் முன்பே இருந்தது. ஒரு கண்ணில் ஆழ்ந்த காயம் பட்டால், சில வாரங்களுக்குப் பின், தொடாத மற்றக் கண்ணும் அழற்சி கொண்டு குருடாகும் நிலை அவர்களுக்குப் பழக்கமானது. ஏன் அவ்வாறு ஆகிறது? காயம் பட்ட கண்ணிலிருந்து உட்படலத்தின் நிறப்பொருள் குருதியில் கலக்கிறது. அதுவரை அப்பொருளைக் கண்டறியாத நோயெதிர்ப்புப் படை அதனைப் பகையென்று கொள்கிறது. பிறகு அதே பொருள் உள்ள மற்றக் கண்ணையும் தாக்குகிறது. இவ்வாறு 1910இல் ப்ராக் நகரத்து அறிஞர் எல்ஷ்னிக் கூறினார். குருடர்க்கு எழுத்து வகுத்துக் கொடுத்த லூயி பிரெய்ல் மூன்று வயதுக் குழந்தையாய் இருக்கையில், 1812இல், தோல் தைக்கும் தந்தையின் ஊசிக் கருவியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டார். ஐந்து வயதாவதற்குள் இரு கண்ணும் போயின. அது இந்நோயாகவே இருக்கலாம் என்று கருதுவோர் பலர். அதே வகைக் கூர்க்கருவியால் தாளில் புள்ளி குத்தியே அவர் பின்னாளில் தம் எழுத்தை அமைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வர்.

மூட்டு நோயின் பக்கத்தில் சான்று 1940இல் கிடைத்தது. நார்வே நாட்டு எரிக் வாலர், எதிர்ப்பொருள் பூசிய ஆட்டுச் செவ்வணுக்கள் முடக்குவாத நோயாளரின் குருதித் தெளிவில் திரள்வதைக் கண்டார். நோயாளரின் குருதியிலே, எதிர்ப்பொருளையே எதிர்க்கும் எதிர்ப்பொருள் ஒன்று இருந்தது! அவ்வாண்டு ஏப்ரலில் ஜெர்மானியப் படை நார்வேக்குள் நுழைந்தது. கண்டுபிடிப்பைக் கவனிப்பார் இல்லை. 1948இல் நியூயார்க் நகரில் ஹாரி ரோஸ் என்பவர் தனியாக அதையே கண்ட பிறகு, இருவர் பெயரும் சேர்ந்து அச்சோதனைக்கு நிலைத்தது. அதைவிடச் சுவையான செய்தி, மூட்டு நோயே இல்லாமல் கண்ணும் வாயும் மட்டும் வறண்ட ஷோக்ரன் நோயாளர் பலரிடமும் அந்த எதிர்ப்பொருள் இருந்தது என்பது. ஸ்டாக்ஹோம் மருத்துவர் கண்ணால் கண்ட உறவைக் குருதியும் ஒப்புக்கொண்டது. 1956இல் விட்டெப்ஸ்கி, நோயல் ரோஸ் என்ற இருவர், முயலின் தைராய்டுச் சுரப்பியை அதன் சொந்த எதிர்ப்பு ஆற்றலே அழிக்கச் செய்ய முடியும் என்று காட்டியபோது, எர்லிக்கின் பெயரால் கட்டியிருந்த மதில் முழுவதும் சரிந்தது. தன்னெதிர்ப்பு நோய்கள் என்ற புதிய இயல் பிறந்தது.

இனி மருந்துகளின் கதை. இதிலும் மூட்டும் கண்ணும் பிரியவில்லை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹெஞ்ச், எழுந்து நடக்க இயலாத ஓர் இளம்பெண்ணுக்குக் கார்ட்டிசோன் செலுத்தினார். ஒரு வாரத்துக்குள் அவர் கடைவீதிக்கு நடந்து சென்று வந்தார். 1950இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எரியும் கண்களுக்கும் அம்மருந்து அமுதமாயிற்று. ஆனால் 1960இல் ஒரு கசப்பான செய்தி வெளிவந்தது: இவ்வகை மருந்தை நெடுநாள் உண்ட முடக்குவாத நோயாளர்க்குக் கண்வில்லையின் பின்புறத்தில் புரை படர்ந்திருந்தது. கண்ணின் அழுத்தம் ஏறுவதும் தெரிந்தது. மலேரியாவுக்குரிய மருந்துகளின் கதையும் இத்தகையதே. 1951இல் பேஜ் என்பவர் அவற்றுள் ஒன்று மூட்டு வீக்கத்தையும் தணிப்பதை எழுதினார். 1959இல் ஹாப்ஸ் முதலியோர், அவ்வினத்துக் குளோரோக்வின் விழித்திரையைக் கெடுப்பதைக் கண்டனர். இன்று அதனினும் தீங்கு குறைந்த ஹைட்ராக்ஸி குளோரோக்வினைத் தருகின்றனர். அதனை உண்போர் எடைக்கேற்ற அளவை மீறாமலும், மருத்துவர் குறித்த காலத்தில் கண்ணைச் சோதித்துக்கொண்டும் வருதல் வேண்டும். ஆக, நோயும் கண்ணைத் தேடியது, மருந்தும் கண்ணைத் தேடியது.

அடுத்து வந்த மருந்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. எல்லாப்ரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். விடுதலை இயக்க நாட்களில் கதராடை அணிந்து அறுவைக்கூடத்துக்குச் சென்றமையால், முழுப் பட்டம் கிடைக்காமல் அதனிற் குறைந்த சான்றிதழோடு வெளியேறினார் என்பது அறிந்த செய்தி. 1923இல் பாஸ்டன் சென்றவர், 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலத்தை ஆக்கிய குழு அவருடையது. அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினாப்டெரின், மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்துகளும் அங்கேயே பிறந்தன. குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்காகத் தேடிய மருந்துகள் அவை. சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் மறைந்தார். மூன்றாண்டு கழித்து, 1951இல், அமினாப்டெரின் மூட்டு வீக்கத்தையும் அடக்குவதை அமெரிக்க மருத்துவர்கள் கண்டனர். 1965இல் மெத்தோட்ரெக்ஸேட் கண்ணின் உள் அழற்சிக்கும் கொடுத்துப் பார்க்கப்பட்டது. இன்று முடக்குவாதத்துக்கு மருத்துவர் முதலில் நாடுவது மெத்தோட்ரெக்ஸேட்; தன்னெதிர்ப்புக் கண் நோய்களிலும் அதற்கு முன்னிடம் உண்டு. தம் மருந்து ஒருவரின் விரலையும் விழியையும் ஒன்றாகக் காக்கும் என்பதை அறிய அவர் இல்லை.

பின்னர், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மெய்னியும் மார்க் ஃபெல்ட்மனும் இலண்டனில், டி.என்.எஃப். என்னும் அழற்சித் தூதுப்பொருளை அடக்கும் எதிர்ப்பொருளை 1992இல் முடக்குவாத நோயாளர்க்குச் செலுத்தி வெற்றி கண்டனர். அவ்வழியில் வந்த அடாலிமுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2002இல் மூட்டு நோய்க்கும், 2016இல் கண்ணின் உள் அழற்சிக்கும் ஒப்புதல் கிடைத்தது. விந்தை என்னவென்றால், அதே தூதுப்பொருளைத் தடுக்கும் இட்டானெர்செப்ட் என்னும் இன்னொரு மருந்து மூட்டுக்கு நன்மை செய்கிறது. கண்ணின் உள் அழற்சிக்குப் பயன்படுவதில்லை. இரண்டும் உறவுதான், இரட்டையர் அல்லர் போலும்.

கடைசியாகக் குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூட்டழற்சி முதியோர்க்கே உரியது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. 1897இல் இலண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், நெடுநாள் மூட்டு நோயுற்ற 22 குழந்தைகளைப் பற்றி எழுதி அதனை மாற்றினார். 1910இல் ஓம் என்னும் ஜெர்மானிய மருத்துவர், மூட்டு வீங்கிய ஒரு சிறுமியின் கருவிழியில் பட்டைபோல் வெண்மை படர்ந்திருப்பதை விவரித்தார். கண்ணுக்குள்ளே நெடுநாள் கனன்ற நெருப்பின் சாம்பல் அது.

வளர்ந்தோரின் முடக்குவாதத்தில் கண்ணின் உட்படலம் அழல்வது அரிது. குழந்தைகளின் மூட்டு நோயிலோ, பத்தில் ஒருவருக்கேனும் அது வரும். சிறு வயதிலேயே நோய் தொடங்கி, ஒரு முழங்கால் போன்ற சில மூட்டுக்களே வீங்கிய பெண் குழந்தைகளிடம் அது மிகுதி. அங்கே கண் சிவப்பதில்லை, வலிப்பதில்லை, தாய் பார்த்தாலும், ஆசிரியர் பார்த்தாலும் தெளிந்த கண்ணாகவே தோன்றும். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தன் பார்வை மங்குகிறது என்று சொல்லத் தெரியாது. உலகம் எல்லார்க்கும் அப்படித்தான் தெரிகிறது என்றே அது நினைக்கும். கரும்பலகை தெரியவில்லை என்று பள்ளியில் கண்டுபிடிக்கும்போது, பார்வையில் பாதி போயிருக்கும்.

குல்ஸ்ட்ராண்ட் என்ற சுவீடன் அறிஞர் 1911இல் அமைத்த பிளவு விளக்கு ஒன்றே அந்நெருப்பைக் காட்டும். இருட்டறையில் மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் செலுத்தினால், சாளரத்து வெயிலில் தூசு மிதப்பதுபோல் வெள்ளணுக்கள் மிதப்பது தெரியும். எனவே, மூட்டு வீங்கிய சிறு குழந்தைகளை, கண்ணில் குறை ஒன்றும் இல்லாவிட்டாலும், ஆபத்து மிகுந்தோரானால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவ்விளக்கின் முன் அமர்த்த வேண்டும் என்று இன்று வரையறுத்துள்ளனர். முழங்கால் குணமாகிவிட்டது என்று பெற்றோர் அதை நிறுத்திவிடக் கூடாது. மூட்டு அடங்கிய பின்னும் கண் கனல்வதுண்டு.

அக்குழந்தைகளுக்கு மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதுமா, அடாலிமுமாபையும் சேர்க்க வேண்டுமா என்பதை ஆராய இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2017இல் வெளிவந்தது. குழந்தைகள் 90 பேர். இரு மருந்தும் பெற்ற 60 பேரில் 16 பேருக்குச் சிகிச்சை தோற்றது; ஒரு மருந்து மட்டும் பெற்ற 30 பேரில் 18 பேருக்குத் தோற்றது. ஆய்வைக் குறித்த நாள்வரை நடத்தவில்லை. எது மேல் என்பது அதற்குள் தெரிந்துவிட்டபடியால், இடையிலேயே நிறுத்திவிட்டனர்.